சிகரெட், மது, கஞ்சா, ஹெராயின்: எது அதிகம் அடிமையாக்கும் என்பதை எப்படி அளக்கிறார்கள்?

குடமுருட்டி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் சில வாரங்களாக ஓயாமல் நடந்துவரும் ஒரு வாக்குவாதத்துக்குத் தெளிவு தேடி இங்கு வந்திருக்கிறேன். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் அக்காள் மகன் எங்கோ படித்த சில எண்களைச் சொல்கிறான். சிகரெட்டைத் தொட்டவர்களில் 100க்கு 32 பேர் அதற்கு அடிமையாகிறார்களாம். ஹெராயினில் 23 பேர், மதுவில் 15 பேர், கஞ்சாவில் 9 பேர் மட்டுமே. அப்படியிருக்க, பெட்டிக்கடையில் சிகரெட்டை விற்கவிட்டுக் கஞ்சாவுக்கு மட்டும் சிறைக்கு அனுப்புவது என்ன நியாயம் என்று கேட்கிறான். அவன் தாத்தாவோ, அதாவது என் தகப்பனார், வாலிப வயதிலிருந்து வெற்றிலையோடு புகையிலை போடுபவர். அதைப் போதை என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

அந்த எண்கள் உண்மையானவையா, அவை எங்கிருந்து வந்தன என்பது என் முதல் கேள்வி. சிகரெட் ஹெராயினைவிட மோசம் என்பதை நம்ப மனம் வரவில்லை என்பதால், அதை எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன். இதில் காபி எங்கே வருகிறது என்று என் மனைவி கேட்கிறார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தியல்_மதுரை

எண்கள் உண்மையானவைதான், ஐயா. அமெரிக்காவில் 1990 முதல் 1992 வரை, 15 முதல் 54 வயதுக்கு உட்பட்ட 8,098 பேரிடம் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்விலிருந்து அவை வந்தவை, 1994இல் வெளியாகின. புகையிலை 32, ஹெராயின் 23, கொக்கெயின் 17, மது 15, கஞ்சா 9 என்ற வரிசை அதில் இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு கேட்ட கேள்வி மிகவும் குறுகியது. வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தப் பொருளைப் பயன்படுத்தியவர்களில் எத்தனை பேர், எப்போதாவது ஒரு கட்டத்தில், சார்பு நிலைக்குரிய மருத்துவ வரையறைக்குள் வந்தார்கள் என்பதுதான் அது. விடுபடுவது எவ்வளவு கடினம், உடலை எவ்வளவு கெடுக்கும், எத்தனை பேரைக் கொல்லும் என்ற கேள்விகளுக்கு இந்த எண்களில் பதில் கிடையாது.

இதில் முதலில் பார்க்க வேண்டியது வகுக்கும் எண். அதே அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய இன்னொரு பெரிய ஆய்வின் தரவுகளை வைத்து 2011இல் வெளியான கணக்கின்படி, நிகோட்டின் பயன்படுத்தியவர்களில் 67.5 விழுக்காட்டினர் சார்பு நிலையை அடைகிறார்கள், மதுவில் 22.7, கொக்கெயினில் 20.9, கஞ்சாவில் 8.9. பத்தாண்டுகளில் சிகரெட் இரு மடங்கு கொடியதாகிவிடவில்லை. முதல் ஆய்வில் ஒரு முறை இழுத்துப் பார்த்தவரும் கணக்கில் இருந்தார். இரண்டாவதில் சிகரெட்டைப் பொறுத்தவரை குறைந்தது 100 சிகரெட் புகைத்தவர்தான் பயனர். 100 சிகரெட்டைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் அடிமையாகியிருப்பதில் வியப்பென்ன?

நம் நாட்டுக் கணக்கிலும் இதைக் காணலாம். சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி, 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்கு உட்பட்டவர்களில் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள், அவர்களில் 5.7 கோடிப் பேர் மருத்துவ உதவி தேவைப்படும் நிலையில் இருக்கிறார்கள். அபின், ஹெராயின், வலி நிவாரணி ஆகிய ஓபியாய்டு வகைகளைப் பயன்படுத்துவோர் 2.26 கோடி, அவர்களில் உதவி தேவைப்படுவோர் 77 லட்சம். கஞ்சா, பாங்கு ஆகியவற்றைச் சேர்த்துப் பயன்படுத்துவோர் 3.1 கோடி, உதவி தேவைப்படுவோர் 72 லட்சம். வகுத்துப் பார்த்தால் மதுவிலும் ஓபியாய்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். கஞ்சாவில் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் மருமகன் சொன்ன 9 இங்கே 23 ஆகிவிட்டது. இப்போது பயன்படுத்திக்கொண்டிருப்பவர்களை வைத்து வகுத்ததும், தீங்கான பயன்பாட்டையும் சேர்த்து எண்ணியதுமே இதற்குக் காரணம். ஆய்வில் புகையிலையே இடம்பெறவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஹெராயின் ஏன் சிகரெட்டுக்குக் கீழே வந்தது என்பதற்கு இன்னொரு விளக்கமும் தேவை. 1990களின் அந்த ஆய்வு வீடு வீடாகச் சென்று நடத்தப்பட்டது. ஹெராயினுக்கு முற்றிலும் ஆட்பட்டவர்களில் கணிசமானோர் சிறையிலோ தெருவிலோ இருந்திருப்பார்கள். அளவு மீறி இறந்தவர்கள் எந்தக் கதவையும் திறந்திருக்க முடியாது. இதற்கு நேரெதிரான ஒரு காரணமும் உண்டு. சிகரெட் எல்லாத் தெருவிலும் கிடைக்கிறது, பல இடங்களில் புகைக்க அக்காலத்தில் அனுமதி இருந்தது, ஒருவர் ஒரு நாளில் இருபது முறை புகைத்தாலும் வேலை கெடுவதில்லை. அடிமையாவதற்கான பயிற்சி என்று ஒன்று இருக்குமானால், சிகரெட்டுக்கு அந்தப் பயிற்சி தாராளமாகக் கிடைக்கிறது.

குடமுருட்டி

மிக்க நன்றி அம்மா. அப்படியானால் எதை முதலிடத்தில் வைப்பது என்பதற்கு அறிவியலில் உறுதியான பதிலே இல்லையா?

மருந்தியல்_மதுரை

எந்த அளவுகோல் என்று சொல்லிவிட்டால் பதில் இருக்கிறது. அமெரிக்க தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜாக் ஹென்னிங்ஃபீல்ட் 1994இல் நிகோட்டின், ஹெராயின், கொக்கெயின், மது, காபீன், கஞ்சா ஆகிய ஆறையும் ஐந்து அளவுகோல்களில் தனித்தனியே வரிசைப்படுத்தினார். நிறுத்தும்போது வரும் விலகல் அறிகுறிகளின் கடுமையில் மது முதலிடம். ஒரு முறை பயன்படுத்தியதும் மறுபடி தேடவைக்கும் ஈர்ப்பில் கொக்கெயின். அளவைக் கூட்டிக்கொண்டே போகவைக்கும் தாங்குதிறனில் ஹெராயின். விட முடியாமை, மீண்டும் விழுதல் ஆகியவற்றைச் சேர்த்த சார்பு நிலையில் நிகோட்டின். மயக்கத்தில் மறுபடியும் மது. ஐந்து பட்டியலில் நான்கு வெவ்வேறு பொருள்கள் முதலிடம் பெறுகின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு வாதாடினால் யாரும் யாரையும் வெல்லலாம்.

அதே 1994ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏழு பெரிய சிகரெட் நிறுவனங்களின் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியப்பிரமாணம் செய்து, நிகோட்டின் அடிமையாக்குவதல்ல என்றே தாங்கள் நம்புவதாகச் சொன்னார்கள் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அந்நாட்டுத் தலைமை மருத்துவரின் அறிக்கை, ஹெராயினையும் கொக்கெயினையும் ஒப்பிட்டு, அது அடிமையாக்குகிறது என்று அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியாயிற்று.

செவிலி_ஓய்வு

மேலே எழுதியிருக்கும் தங்கையின் விளக்கம் அருமை. மதுவிலிருந்தும் போதையிலிருந்தும் மீட்கும் சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில், விலகல் அறிகுறி என்ற ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். பொதுமக்களின் அச்சம் பெரும்பாலும் தவறான இடத்தில் இருக்கிறது.

ஹெராயினையோ ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வலி மாத்திரையையோ நிறுத்தியவர் படும் பாட்டைப் பார்த்தால் உயிர் போய்விடும் என்று தோன்றும். கொட்டாவி அடங்காது, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியும், மயிர்க்கூச்செறியும், வயிறு புரட்டும், எலும்புக்குள் வலிப்பதாகச் சொல்வார்கள், கால்களை ஓயாமல் உதறிக்கொண்டிருப்பார்கள். வாந்தியும் பேதியும் மிகுந்து உடல் நீர் வற்றினால் ஒழிய, அதனால் இறப்பு நேர்வது அரிது. நாள்தோறும் காலையிலேயே தொடங்கி அரை பாட்டிலுக்கு மேல் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தும்போதுதான் நாங்கள் அஞ்சுவோம். சில மணி நேரத்தில் கைநடுக்கம் தொடங்கும்; தேநீர்த் தம்ளரை இரு கையாலும் பிடித்தாலும் தளும்பும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குச் சித்தம் கலங்கி, விரிப்பில் இல்லாத பூச்சியைப் பொறுக்கிப் பொறுக்கிப் போடுவார்கள். மனைவியைப் பார்த்து “நீ யாரம்மா” என்பார்கள். வார்டைத் தம் பட்டறை என்று எண்ணி ஸ்பேனர் கேட்ட ஒரு மெக்கானிக்கை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. சிகிச்சை தராவிட்டால் இந்த நிலை உயிரைப் பறிக்கும். தூக்க மாத்திரை வகையில் வரும் பென்சோடயாசெபைன்களைப் பல மாதம் விழுங்கிவிட்டுச் சட்டென நிறுத்தினாலும் இதே ஆபத்து உண்டு.

கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு அன்று முதல் ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று சபதம் செய்யும் கடுங்குடிகாரர்களின் குடும்பத்தாருக்கு நான் சொல்வது இதுதான்: கயிற்றைக் கட்டிக்கொள்ளட்டும், அப்படியே மருத்துவமனைக்கும் அழைத்து வாருங்கள். முதலில் பி1 வைட்டமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ் என்ற ஒழுங்குகூட மூளையைக் காப்பாற்றும் விஷயம்; வீட்டில் வைத்துச் சமாளிக்கக்கூடியதல்ல.

ஹெராயினின் ஆபத்து வேறு இடத்தில் காத்திருக்கிறது. சில வாரங்கள் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. சிறையிலிருந்தோ சிகிச்சை மையத்திலிருந்தோ வெளியே வந்து, பழைய நினைப்பில் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். புப்ரெனார்ஃபின் போன்ற மாற்று மருந்தைத் தொடர்ந்து கொடுப்பதைச் சிலர் ஒரு போதைக்கு இன்னொரு போதை என்று ஏளனம் செய்கிறார்கள். அந்த மருந்தில் நிலைத்திருப்பவர்கள் சாவது குறைகிறது என்பதால் எனக்கு அந்த ஏளனத்தில் உடன்பாடில்லை.

நிகோட்டினைப் பற்றியும் ஒன்று. எங்கள் பிரிவில் குடியை விட்டு, நிறம் தெளிந்து, வீட்டாரோடு சிரித்துப் பேசும் நிலைக்கு வந்தவர்கள்கூட மாலையானால் கட்டடத்தின் பின்புறம் போய்ப் பீடியைப் பற்றவைப்பார்கள். குடியை விட்டவர் பீடியை விடவில்லை என்பதுதான் அங்கே வழக்கமான காட்சி.

குடமுருட்டி

அம்மா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. எனக்கு ஓர் ஐயம். மதுவைப் போல மயக்கமும் இல்லை, ஹெராயினைப் போல இன்பமும் இல்லை என்றால், இந்தப் பீடிக்கும் சிகரெட்டுக்கும் எங்கிருந்து இத்தனை பிடி வருகிறது? என் தகப்பனார் புகைப்பதில்லை, மெல்லுகிறார். அவருக்கும் இது பொருந்துமா?

மருந்தியல்_மதுரை

பெரும்பங்கு வேகத்திலிருந்து வருகிறது. இழுத்த புகையிலுள்ள நிகோட்டின் நுரையீரல் வழியாக 10 முதல் 20 நொடிகளுக்குள் மூளையை எட்டிவிடும். செயலுக்கும் பலனுக்கும் இடைவெளி குறையக் குறைய மூளை அந்தச் செயலை ஆழமாகப் பதித்துக்கொள்ளும். ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று வைத்தால், ஒரு பாக்கெட் புகைப்பவர் நாளொன்றுக்கு இருநூறு முறை இந்தப் பாடத்தைப் படிக்கிறார். நிகோட்டின் இரத்தத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால், எரிச்சலும் கவனச் சிதறலும் தலைகாட்ட, அடுத்ததைப் பற்றவைத்ததும் அவை விலகுகின்றன. புகைப்பவர் நிம்மதி என்று சொல்வதில் பாதி, இந்த அறிகுறிகள் நீங்குவதுதான். அதே நிகோட்டினை ஒட்டுப்பட்டையாகத் தோலில் ஒட்டினால் மெதுவாக ஏறுகிறது. ஒட்டுப்பட்டைக்கு ஏங்குகிறவர்களைக் காண்பது அரிது, அதனால்தான் அது சிகிச்சையாகப் பயன்படுகிறது.

இந்த விதி நிகோட்டினுக்கு மட்டும் உரியதன்று. ஆண்டீஸ் மலைவாழ் மக்கள் கோகா இலையை நூற்றாண்டுகளாக மென்று வந்திருக்கிறார்கள். அதே செடியின் கொக்கெயினைத் தூளாக்கி மூக்கில் உறிஞ்சினால் பிடி இறுகுகிறது. கிராக் என்ற கட்டியாக்கிப் புகைத்தால் இன்னும் இறுகுகிறது. கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை மூளையில் கொக்கெயின் அடைக்கும் அதே இடங்களைத்தான் அடைக்கிறது. ஆனால் வாய்வழியாக மெல்ல ஏறுவதால், மருத்துவர் சொன்ன அளவில் உட்கொள்பவருக்குக் கொக்கெயின் தரும் கிளர்ச்சி ஏற்படுவதில்லை. எனவே “கொக்கெயின் எவ்வளவு அடிமையாக்கும்” என்று கேட்பவர் எந்த வழியில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

உங்கள் தகப்பனாருக்கு வருவோம். மெல்லும் புகையிலை புகையைவிட மெதுவாகத்தான் ஏறும். ஆனால் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு வாயைக் காரத்தன்மையாக்கி, கன்னத்தின் உட்தோல் வழியே நிகோட்டின் எளிதில் உறிஞ்சப்பட வழிசெய்கிறது. அவர் இரவில் கடைசியாக எப்போது போடுகிறார், காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் வெற்றிலையைத் தேடுகிறார் என்று பாருங்கள். எழுந்த அரை மணி நேரத்துக்குள் என்றால், அது வலுவான சார்பின் அடையாளம். புகைப்பவர்களிடமும் மருத்துவர்கள் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். 2016–17இல் எடுத்த கணக்கின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 விழுக்காட்டினர் புகையிலை பயன்படுத்துகிறார்கள். மெல்லுதல் முதலான புகையற்ற வடிவங்களைப் பயன்படுத்துவோர் மட்டும் 21.4 விழுக்காடு. அவர் அந்தப் பெரும்பான்மையில் ஒருவர்.

கறுப்பு_அங்கி

சட்டம் பற்றி மருமகன் எழுப்பிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் வழக்குரைஞர், அவர் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது, பாதி இல்லை.

சட்டம் எங்கும் அடிமையாக்கும் ஆற்றலை அளந்து பார்த்துக் கோடு கிழித்ததில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாச் செடியின் பூக்கதிரையும் பிசினையும் தடை செய்கிறது. பூக்கதிர் சேராத இலையையும் விதையையும் வரையறைக்கு வெளியே விட்டிருக்கிறது. வடக்கே சில மாநிலங்களில் பாங்கு உரிமம் பெற்ற கடையில் கிடைப்பது அதனால்தான். அமெரிக்காவில் 1986இன் சட்டம் 5 கிராம் கிராக்குக்கும் 500 கிராம் தூள் கொக்கெயினுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையை வைத்தது. மருந்தியல் அறிந்த அம்மையார் சொன்ன வேக வேறுபாடு உண்மையே என்றாலும், அது நூறு மடங்கை நியாயப்படுத்தாது. 2010இல் அதைப் பதினெட்டு மடங்காகக் குறைத்தார்கள்.

ஆனால், அடிமையாக்குவது குறைவு என்பதாலேயே ஒன்றை அனுமதித்துவிட வேண்டும் என்பது வாதமாகாது. பிரிட்டனில் டேவிட் நட் குழுவினர் 2010இல் இருபது பொருள்களின் தீங்கை, பயன்படுத்துபவருக்கும் பிறருக்கும் சேர்த்து, நூற்றுக்கு மதிப்பிட்டார்கள். மதுவுக்கு 72, ஹெராயினுக்கு 55, கிராக்குக்கு 54, புகையிலைக்கு 26, கஞ்சாவுக்கு 20. மருமகன் இதையும் தனக்குச் சாதகமாகக் காட்டுவார். மதுவின் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஒரு காரணம், அது பரவலாகக் கிடைப்பதும் பிறரைத் தாக்குவதும். சட்டபூர்வமாகக் கிடைப்பதன் விளைவும் அந்த 72க்குள் இருக்கிறது என்று நான் வாதிடுவேன்.

கஞ்சாவின் அந்த 9க்குள் இன்னொரு விவரமும் மறைந்திருக்கிறது. பதின்வயதில் தொடங்குவோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் சார்பு நிலையை அடைகிறார் என்றும், நாள்தோறும் பயன்படுத்துவோரில் அது நான்கில் ஒருவர் முதல் இருவர் வரை போகும் என்றும் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். விடுதி அறையில் தினந்தோறும் புகைக்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு 9 என்ற எண் பொருந்தாது. ஆகவே பட்டியலே பொய் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. யாருக்கான பட்டியல் என்று கேட்டால் போதும். ஒருவேளை அவன் நண்பர்கள் யாராவது சிக்கலில் இருந்தால், சிறு அளவு வழக்கில் சிக்கியவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற அச்சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது என்பதைச் சொல்லிவையுங்கள். பல காவல் நிலையங்களில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

யாழ்_வாசகன்

சூழல் பற்றி ஒரு தகவலைச் சேர்க்கிறேன். வியட்நாம் போரிலிருந்து 1971 செப்டம்பரில் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். அவர்களில் ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கோ அபினுக்கோ அடிமையாக இருந்திருந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களுள் மீண்டும் அடிமையானவர்கள் 5 விழுக்காட்டினர் மட்டுமே. மலிவான சரக்கும் போரின் அச்சமும் சலிப்பும் விலகியதும், அதே பொருளின் பிடி பெரும்பாலோரிடம் தளர்ந்துவிட்டது. கொழும்பிலும் எங்கள் பக்கத்திலும் ‘குடு’ (ஹெராயின்) பழகியவர்கள் சிகிச்சை முடிந்து அதே ஒழுங்கைக்கு, அதே சந்துக்குத் திரும்புகிறார்கள். விற்பவனும் அங்கேயே நிற்கிறான். சிப்பாய்களைப் பழைய சூழலிலிருந்து பிரித்த கடல் இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

செவிலி_ஓய்வு

காபியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஏகாதசியன்று காபியையும் சேர்த்து விடுபவர்களுக்கு மாலையில் மண்டை பிளப்பது விரதத்தால் மட்டுமல்ல. கடைசிக் காபிக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும் காபீன் விலகல் தலைவலி அது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013ஆம் ஆண்டு நோய்ப் பட்டியலில் இந்த விலகல் இடம்பெற்றிருக்கிறது; காபிக்கு அடிமையாதல் என்பதை மேலும் ஆராய வேண்டியவற்றில்தான் வைத்திருக்கிறார்கள். உடல் பழகிக்கொள்கிறது, விட்டால் முரண்டு பிடிக்கிறது. ஆனால் காபிக்காகத் தாலியை அடகு வைத்தவரை நான் கண்டதில்லை. உங்கள் மனைவி குறைக்க விரும்பினால் ஒரே நாளில் விடாமல், டிகாக்‌ஷனை ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாக இளக்கிக்கொண்டே வரச் சொல்லுங்கள்.

தகப்பனாருக்குப் புகையிலையை விட மனம் வந்தால், 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் பேசுவார்கள். அதற்கு முன்பு அவர் வாயை ஒரு பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்; கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ, வாய் முழுதாகத் திறக்காத இறுக்கமோ இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.